ரிமோட்டுக்குள் பூக்கும் வெள்ளை உப்பு

பல மாதங்களாகத் தொடாமல் வைத்திருந்த டார்ச் விளக்கை எடுத்துப் பொத்தானை அழுத்துகிறோம், வெளிச்சம் வருவதில்லை. அடிமூடியைத் திருகினால் அது பாதியிலேயே இறுகிக்கொள்கிறது. ஒருவழியாகத் திறந்ததும் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே ஈர உப்பைத் தூவியதுபோல் ஏதோ வெள்ளையாகப் பூத்திருப்பதும், அதன் ஓரத்தில் மெல்லிய பச்சை படர்ந்திருப்பதும் தெரிகின்றன. "பேட்டரி ஆசிட் ஒழுகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே துணியைத் தேடுகிறோம். ஒழுகியது உண்மைதான், ஆனால் அது ஆசிட் அன்று. கடிகாரத்திலும் ரிமோட்டிலும் பொம்மையிலும் இன்று பரவலாகப் போடப்படும் ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது அமிலத்துக்கு நேர் எதிரான காரம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் எதைக் கொண்டு துடைப்பது என்ற முடிவே பல நேரங்களில் தவறிவிடுகிறது.

ஆல்கலைன் பேட்டரியின் நடுவே துத்தநாகத் தூளைக் குழைத்துச் செய்த கூழ் இருக்கிறது. அதைச் சுற்றி, கரைசலை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு மெல்லிய தாள். அதற்கும் வெளியே மாங்கனீசு டை ஆக்சைடையும் கிராஃபைட்டையும் கலந்து அழுத்திய கருநிற வளையம். எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஓர் எஃகு உறை. கூழிலும் தாளிலும் வளையத்திலும் ஊறியிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தக் காரமே. எஃகு உறையின் வாய் திறந்திருப்பது எதிர்முனை (−) பக்கத்தில்தான். அந்த வாயை ஒரு நைலான் அடைப்பு மூடியிருக்கிறது; அதன் நடுவே துளைத்துச் செல்லும் பித்தளை ஊசி ஒன்று துத்தநாகக் கூழிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவருகிறது. ஒழுகிய பேட்டரிகளில் பெரும்பாலும் ஸ்பிரிங் தொடும் முனையே உப்புப் பூத்திருப்பதன் முதல் காரணம் இதுதான்: பூட்டு இருப்பது அந்தப் பக்கத்தில்.

அந்தப் பூட்டை உள்ளிருந்து தள்ளுவது ஹைட்ரஜன் வாயு. மின்சாரம் தரும் முதன்மை வேதிவினையில் வாயு எதுவும் பிறப்பதில்லை. துத்தநாகம் ஆக்சைடாக மாறுகிறது, மாங்கனீசு டை ஆக்சைடு எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் துத்தநாகம் நீரோடும் காரத்தோடும் சேர்ந்திருக்கும் எந்த நேரத்திலும், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மிக மெதுவாக நீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு போன்ற உலோகங்களின் சிறு மாசு துத்தநாகத்தோடு கலந்திருந்தாலும் இந்தப் பக்கவினை வேகம் பிடிக்கும். வெப்பம் கூடினாலும் அப்படியே. முன்பு துத்தநாகத்தோடு சிறிதளவு பாதரசத்தைச் சேர்த்து இதை அடக்கி வைத்திருந்தார்கள். பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பாதரசம் சேர்த்த ஆல்கலைன் பேட்டரிகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. இப்போது இண்டியம், பிஸ்மத் போன்ற உலோகங்களைத் துத்தநாகத்தோடு மிகச் சிறிய அளவில் கலப்பதும், துத்தநாகத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும் அந்த வேலையைச் செய்கின்றன. அவை வாயு உண்டாவதைக் குறைக்கின்றனவே தவிர, நிறுத்திவிடுவதில்லை.

வாயு தொடர்ந்து சேர்ந்தால் உறைக்குள் அழுத்தம் ஏறும். வழியே இல்லாவிட்டால் எஃகு உறை வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், நைலான் அடைப்பின் ஓரிடத்தை வேண்டுமென்றே மெல்லியதாக வார்க்கிறார்கள். அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது அந்த இடம் கிழிந்து வாயு வெளியேறுகிறது. கூடவே காரக் கரைசலும் வருகிறது. ஆகவே பெரும்பாலான ஒழுகல்களைத் தயாரிப்புக் குறை என்று திட்டுவதில் பொருளில்லை. வெடிக்காமலிருப்பதற்காக நாம் கொடுக்கும் விலை அது. அந்த விலையை ரிமோட்டின் ஸ்பிரிங் கட்டுகிறது என்பதுதான் வருத்தம்.

புதிய பேட்டரியைவிடத் தீர்ந்துபோன பேட்டரியே அதிகம் ஒழுகுவது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கருவியில் நான்கு பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே நாளில் வாங்கியவையானாலும் அவற்றின் கொள்ளளவு இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்துவிடும். மீதி மூன்றும் இன்னும் தெம்போடு இருப்பதால், தீர்ந்துபோன அந்த ஒன்றின் வழியாகவும் மின்னோட்டத்தை வலுக்கட்டாயமாகத் தள்ளுகின்றன. அப்போது அதன் மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடந்து தலைகீழாகி, உள்ளே இயல்பான வினைக்கு வேண்டிய பொருள் தீர்ந்துவிட்ட நிலையில் நீரே பிளவுபட்டு வாயு மளமளவென்று சேர்கிறது. நான் பிரித்துப் பார்த்த ஒரு பொம்மையில் மூன்று பேட்டரிகள் புதியவைபோலப் பளபளக்க, நான்காவது மட்டும் எதிர்முனை உப்பித் தன் அறை முழுவதையும் வெள்ளையாக்கியிருந்தது. பழைய மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்துப் போடுகிறவர்கள் இதே நிலையைத் தாங்களே உருவாக்குகிறார்கள். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது; மின்னணுக் கருவிகள் பலவும் அணைந்த நிலையிலும் நுண்ணிய அளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன.

வெளியே வந்த காரம் வந்த இடத்திலேயே தங்குவதில்லை. உலோகப் பரப்பில், குறிப்பாக எதிர்மின் தன்மையுள்ள பரப்பில், அது மெல்லிய படலமாக ஊர்ந்து செல்லும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்தின் விளிம்பில் வினைபுரிந்து மேலும் ஹைட்ராக்சைடை உண்டாக்குவதால் படலம் தன் முன்னே தானே பாதை போட்டுக்கொண்டு நகர்கிறது. போகும் வழியில் காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுகிறது. நாம் காணும் வெள்ளைப் பூப்பு அதுதான். பச்சையும் நீலமும் செம்பு, பித்தளை ஆகியவற்றின் அரிப்பு. பொட்டாசியம் கார்பனேட் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், மழைக்காலத்தில் அதே பொடி கசிந்து மீண்டும் ஊரத் தொடங்கும். பொடியின் உலர்ந்த மேற்படலத்துக்கு அடியில் மாறாத காரமும் தங்கியிருக்கலாம். காய்ந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட முடியாது.

துடைப்பதற்கு முன் எந்த வகைப் பேட்டரி என்று அதன் உறையில் படித்துவிட வேண்டும். மலிவான கார்பன்-துத்தநாகப் பேட்டரி வேறு குலம். 1866-இல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்ஷே அமைத்த ஈரக்கலத்தை ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1880-களில் உலர்கலமாக்கினார். அதில் துத்தநாகக் கிண்ணமே உறையும் எதிர்முனையும் ஆகிறது. மின்சாரம் எடுக்க எடுக்க அந்தக் கிண்ணம் கரைந்து மெலிந்து இறுதியில் ஓட்டையாகிறது. அதிலிருந்து வரும் அம்மோனியம் குளோரைடு அல்லது துத்தநாகக் குளோரைடு கரைசல் இலேசான அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவுவது பொருந்தும். ஆல்கலைனுக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். காரத்தின் மேல் சோடாவைத் தடவுவது நெருப்பின் மேல் இன்னொரு கொள்ளியை வைப்பது அளவுக்குத் தீங்கில்லாவிட்டாலும், பயனற்ற வேலை.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, உலர்ந்த பொடியை முதலில் பழைய பல்துலக்கியால் தட்டிவிட வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பிறகு பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் நனைத்துப் பிழிந்துகொண்டு, ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுருளிலும் ஒற்ற வேண்டும். கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் அப்போது சிறு குமிழ்கள் நுரைக்கும், காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய சீற்றம்கூடக் கேட்கும். நுரை நின்றதும் வினிகரும் நிற்க வேண்டும். மிச்சமாகும் அமிலம் அந்த உலோகத்தையே அரிக்கத் தொடங்கும் என்பதால், நீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் இரண்டு மூன்று முறை துடைத்து, கிடைத்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் முடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்தே காயவிடுவது நல்லது. எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றியது மின்சுற்றுப் பலகைக்குள் இறங்கிவிட்டால் ஒழுகலைவிடச் சுத்தம் செய்ததே பெரிய சேதமாகிவிடும். கறுத்த முனையை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஆனால் நிக்கல் பூச்சு போய்விட்ட எஃகு மறுபடி துருப்பிடிக்கும், அதற்கு ஸ்பிரிங்கை மாற்றுவதே தீர்வு.

பலர் கவனிக்காமல் விடுவது ஸ்பிரிங்கோடு பற்றவைத்த கம்பியை. காரம் அதன் நெகிழி உறைக்குள், செப்பிழைகளின் இடுக்கு வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடும். வெளியே கம்பி நன்றாகத் தெரியும். உறையைச் சீவினால் இழைகள் பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும், அவற்றில் ஈயம் ஒட்டாது. நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கம்பி இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தோலில் இந்தக் கரைசல் பட்டால் முதலில் எரிச்சல் தெரியாமல் சோப்பு நீர்போல் வழுவழுக்கும். தோலின் கொழுப்பைக் காரம் உண்மையிலேயே சோப்பாக்குவதே அதற்குக் காரணம். ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், உடம்பின் மேல் வினிகர் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நீரால் அலசிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும்.

எப்போதாவது எடுக்கும் டார்ச்சுக்கு, பேட்டரியை வெளியே எடுத்து அதன் பக்கத்திலேயே வைப்பதைவிடச் சிறந்த காப்பு எனக்குத் தெரியவில்லை. மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு மீள்மின்னேற்றப் பேட்டரிகளிலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே உண்டாகும் வாயுவைத் திரும்ப உட்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதால் ஒழுகுவது குறைவு. 1.5 வோல்ட் லித்தியம்-இரும்பு சல்ஃபைடு பேட்டரியில் நீரே இல்லாததால் அதுவும் அரிதாகவே ஒழுகும், விலைதான் கூடுதல். செல்போனில் இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரி வீங்கினால் மட்டும் மேற்சொன்ன எதையும் செய்து பார்க்கக் கூடாது. அதைக் குத்தவோ பிரிக்கவோ முயன்றால் தீப்பற்றக்கூடும்.

சுத்தம் செய்த கருவியை இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். அதே இடத்தில் வெண்மை மறுபடி தலைகாட்டினால், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் அடியில் காரம் இன்னும் தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது அந்தத் தகட்டைக் கழற்றி அதன் பின்புறத்தையும் ஒற்றியெடுக்க வேண்டும்.