ஸ்க்ரைப்: சொல்வதை எழுதுபவர்

அரசுக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால், பார்வையற்ற மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது “ஸ்க்ரைப் கிடைச்சாச்சா?” என்பதுதான். ‘ஸ்க்ரைபர்’ என்று சொல்பவர்களும் உண்டு. மாணவர் விடையை வாயால் சொல்ல, அதை விடைத்தாளில் எழுதுபவரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். மூளை முடக்குவாதத்தால் விரல்கள் வசப்படாதவர்கள், கையை இழந்தவர்கள் ஆகியோருக்கும் இவர் தேவை.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். அங்கே ‘ஸ்க்ரிபெரெ’ என்றால் எழுதுதல். ‘ஸ்க்ரிபா’ என்பவர் பழைய ரோமில் அரசு ஆவணங்களை எழுதிய அலுவலர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 17-ஆம் பிரிவில் தேர்வு வசதிகளைச் சொல்லும்போது ‘ஸ்க்ரைப்’ என்ற சொல்லோடு ‘அமனுவென்சிஸ்’ என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அதுவும் லத்தீன்தான். ‘மானுஸ்’ என்றால் கை. எஜமானர் சொல்லச் சொல்ல எழுதிய அடிமைக்கு ரோமில் இருந்த பெயரிலிருந்து வந்தது அது. ஒன்று அலுவலரின் பெயர், மற்றது அடிமையின் பெயர். சட்டத்தில் இரண்டும் ஒரே வேலையைக் குறிக்கின்றன.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் புரட்டினால் ‘எழுத்தர்’, ‘படியெடுப்பவர்’ என்று கிடைக்கும். எழுத்தர் என்றதும் நமக்கு அலுவலகமும் கோப்புகளும்தான் நினைவுக்கு வரும். படியெடுப்பவருக்கோ முன்னால் ஒரு மூலப்பிரதி இருக்க வேண்டும். தேர்வு அறையில் அப்படி எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் புழங்கும் சொல் ‘சொல்வதை எழுதுபவர்’. முதலில் படித்தபோது, ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமா என்று தோன்றியது. ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

பிளஸ் டூ முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த கோடை அது. மூன்றாம் ஆண்டு வரலாறு படித்த ஓர் அண்ணாவுக்காகப் போனேன். தனி அறை, ஒரு மேற்பார்வையாளர், நாங்கள் இருவர். பாளையக்காரர்களைப் பற்றிய கேள்வி. “பாளையம், பள்ளிக்கூடத்து ள போடு. கிளர்ச்சி, சின்ன ர. கமா. அடுத்த பத்தி.” அவர் சொல்லச் சொல்ல என் கை ஓடியது. நடுவில் நிறுத்தி, “கடைசி வரியைப் படி தம்பி” என்பார். தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “எத்தனை பக்கம் ஆச்சு?” என்பார். மருது சகோதரர்களின் திருச்சி அறிக்கை வந்த இடத்தில் நின்றுவிட்டார். “வருஷத்தை விட்டுட்டு எழுது, அப்புறம் வரேன்.” 1801 என்று எனக்குத் தெரியும். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது. எழுதவில்லை, சொல்லவும் இல்லை. தேர்வு முடியும் நேரத்தில், “1801 போடு” என்றார். அந்த நான்கு இலக்கங்களை எழுதியபோது எனக்கு வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

சொல்லின் முழுப்பொருளும் அந்த வெற்றிடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. எழுதுபவருக்குத் தெரிந்தது தாளில் ஏறக்கூடாது. சொல்பவர் சொன்னதுதான் ஏற வேண்டும். தமிழில் நாம் தேர்வு ‘எழுதுகிறோம்’. அதனால்தான் “அவனுக்குப் பரீட்சை எழுதிக் கொடுத்தேன்” என்று பலரும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது ஆள்மாறாட்டத்தைக் குறிக்கும் பேச்சு, அந்த மாணவரின் உழைப்பையே அழித்துவிடுகிறது. தேர்வு எழுதியவர் அந்த அண்ணா, நான் எழுதியது அவர் சொன்னதை. ‘சொல்வதை’ என்ற சொல் முதலில் நிற்பதால் இந்த வேறுபாடு தெளிவாகிறது. ‘உதவியாளர்’, ‘பதிலி’ போன்ற சொற்களில் அது காணாமல் போகிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிய ‘சொல்வதை எழுதுதல்’ இதற்கு நேர் எதிர். அங்கே ஆசிரியர் சொல்வார், எழுதுகிற பிள்ளைக்குத்தான் சோதனை. இங்கே சோதனை சொல்பவருக்கு.

இந்த வேலை நம் மரபுக்கும் புதிதல்ல. சோழர் அரசில் மன்னனின் வாய்மொழி ஆணையை ஓலையில் எழுதிய அதிகாரிக்குத் ‘திருமந்திர ஓலை’ என்று பெயர். வைணவ உரைமரபில் ஆசிரியர் சொல்வதைச் சீடர் எழுதிக்கொள்வதைப் ‘பட்டோலை கொள்ளுதல்’ என்றார்கள். எழுதியது யாராக இருந்தாலும், ஆணை மன்னனுடையது, உரை ஆசிரியருடையது. ஓர் இளங்கலை மாணவரின் விடைக்கும் அதே மரியாதை வேண்டும். ‘பட்டோலையர்’ என்று புதிதாக ஆக்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தேர்வறை வாசலில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு விளக்கம் சொல்லாமலே புரிய வேண்டுமே. அதற்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ போதும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த வசதியைப் பெறும் மாணவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் நேரம் சேர்த்துத் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். அதைக் ‘கூடுதல் நேரம்’ என்றே பலரும் சொல்கிறோம். அந்தப் பெயர் வேண்டாம், இழந்த நேரத்துக்கு ஈடு என்ற பொருள் வர வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நெறிமுறையே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்து ள, சின்ன ர என்று ஒவ்வோர் எழுத்தையும் சொல்லி, படிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்தி எழுதவைப்பதில் போகும் நேரம் அது. அரசு அலுவலகங்களில் ‘ஈடுசெய் விடுப்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் ‘ஈடுசெய் நேரம்’ என்று சொல்லலாம்.

யாருக்கு இந்த வசதி என்பதிலும் ஒரு தெளிவு தேவை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வரின் வழக்கில், இதற்கு 40 சதவீத ஊனம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால், சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது.