தொட்டால் நழுவும் நாய்: எங்கே, எப்போதிலிருந்து, யாருடைய கை?

"நேத்து வரைக்கும் மடியில ஏறிப் படுத்துப்பான் டாக்டர். இப்போ கை வெச்சாலே நழுவிப் போய் கட்டிலுக்கு அடியில பூந்துக்குறான்." வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. காரணத்தையும் வீட்டாரே சொல்லிவிடுவார்கள்: கோச்சிக்கிட்டான், திமிராயிடுச்சு, யாரோ ஏதோ வெச்சுட்டாங்க.

நாய் கோபத்தை நாள்கணக்கில் மனசில் வைத்திருந்து பழிவாங்காது. வளர்த்தவர் கைக்கே விலகுகிறது என்றால் பெரும்பாலும் உடம்பில் எங்கோ வலிக்கிறது, இல்லை அந்தக் கை வந்தால் கெட்டது நடக்கும் என்று பழகிப்போயிருக்கிறது. பல நாய்களிடம் முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவருகிறது. அதனால் வலி இருக்கிறதா என்று பார்க்காமல் பழக்கத்தைத் திருத்தப் போவது வீண் வேலை.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். எந்த இடத்தைத் தொட்டால் விலகுகிறது? எப்போதிலிருந்து? எல்லோர் கைக்கும் விலகுகிறதா, ஒருவர் கைக்கு மட்டுமா? ஒரு குறிப்பிட்ட இடம், திடீரென்று ஆரம்பித்தது, யார் தொட்டாலும் அப்படித்தான் என்றால் வலியைத் தேட வேண்டும். உடம்பில் எங்கே தொட்டாலும் விலகுகிறது, ஆனால் ஒருவர் கைக்கு மட்டும், அல்லது கையில் பெல்ட், துண்டு, மருந்து பாட்டில் இருக்கும்போது மட்டும் என்றால் அது கற்றுக்கொண்ட பயம். தைலம் தடவிய கை, சானிடைசர் போட்ட கை என்பதாலும் சில நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வீட்டில் பார்ப்பது எப்படி

முதலில் கை வைக்காமல் பாருங்கள். படுத்திருந்து எழும்போது எந்தக் காலைக் கடைசியாக ஊன்றுகிறது, படி ஏறும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தூக்குகிறதா, தலையை ஒரு பக்கம் சாய்க்கிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா. இதை அரை நிமிடம் செல்போனில் எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேஜையில் ஏறியதும் பயத்தில் நொண்டலை மறைத்துவிடும் நாய்கள் ஏராளம். அங்கே அந்த வீடியோதான் கை கொடுக்கும்.

பிறகு நாய் அமைதியாக நிற்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து, தோள்பட்டையிலிருந்து தொடங்குங்கள். கழுத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு விரல், இடுப்பு, தொடை, பாதம் என்று மெல்லப் போங்கள். காதும் வாயும் கடைசியில். கத்துவதற்கு முன்பே நாய் சொல்லிவிடும்: மூச்சிரைத்துக்கொண்டிருந்தது சட்டென்று வாயை மூடும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், உங்கள் கையையே ஓரக்கண்ணால் பார்க்கும், அந்த இடத்துத் தோல் துடிக்கும், அப்படியே விறைத்து நிற்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை அழுத்திப் பார்க்காதீர்கள். இடத்தைக் குறித்து வைத்தால் போதும். கொட்டாவியைத் தூக்கம் என்றும் உதடு நக்குவதைப் பசி என்றும் நினைத்துக் கடி வாங்கியவர்கள் உண்டு.

காது

தலையைத் தடவ விடாத நாயிடம் முதலில் பார்க்க வேண்டிய இடம் காதுதான். கடற்கரை ஈரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி மடிந்த காதுள்ள நாய்களுக்குக் காதுக்குள் ஈரம் காயவே காயாது. நாயின் காதுக்குழாய் நேராக இறங்கி உள்ளே ஒரு திருப்பம் திரும்புகிறது. குளிப்பாட்டும்போது புகுந்த தண்ணீர் அந்தத் திருப்பத்தில் தங்கிவிடும். பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

நல்ல காது வெளிர் ரோஜா நிறமாக, கிட்டத்தட்ட வாசனையே இல்லாமல் இருக்கும். காப்பித்தூள் மாதிரி கருப்பு அழுக்கு என்றால் காதுப்பேனாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். மஞ்சள் சீழும் நாற்றமும் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. மடல் பந்து போல வீங்கியிருந்தால் உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, மனிதர்களுக்கான காது மருந்து எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் காது கேளாமலே செய்துவிடும். உள்ளே விளக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

காது மருந்து பொதுவாக 2 முதல் 4 வாரம் வரை போகும். நாற்றம் நின்றதும் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது, திரும்ப நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள். மூன்றாம் முறை அந்த நாய் காதை மட்டும் காப்பாற்றிக்கொள்வதில்லை, கையைக் கண்டாலே ஓடுகிறது. ஆறிய பிறகும் ஓடும். காது வலி போனது அதற்கு எப்படித் தெரியும்?

உண்ணி

வடசென்னையில் உண்ணி வெறும் தோல் பிரச்சினை இல்லை, வீட்டுப் பிரச்சினை. நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் விரிசல், கதவு நிலை, கட்டில் சந்து இவற்றில்தான் கழிக்கிறது. ரத்தம் குடிக்க மட்டும் நாய்மேல் ஏறும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒட்டுச்சுவர் வீடுகள் வரிசையாக இருக்கும் சந்தில் உங்கள் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து மறுபடியும் வரும். இரண்டு வீட்டாரும் பேசி ஒரே வாரத்தில் செய்வதுதான் வழி.

காதுக்குள், விரலிடுக்கில், பெல்ட்டுக்கு அடியில், அக்குளில், வாலுக்கு அடியில் தேடுங்கள். முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது மூன்றும் தோலை வேக வைக்கும். நாய் நக்கினால் விஷமாகவும் ஆகும். உண்ணியை ஒழிக்க இப்படிச் செய்துவிட்டு, "தொடவே விடமாட்டேங்குறான்" என்று வருகிறவர்கள் நிறைய. புண்ணான தோலை யார் தொட விடுவார்கள்? பண்ணை மாடுகளுக்கு விற்கும் மருந்தைக் கண்ணளவில் கலக்கவும் வேண்டாம். எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள் உண்டு; சில ஒரு மாதத்துக்கு, சில 12 வாரத்துக்கு வேலை செய்யும்.

உண்ணிக் காய்ச்சலை மறந்துவிடாதீர்கள். எர்லிக்கியா கிருமி ஏறினால் மூட்டு வலிக்கும், காய்ச்சல் வரும், சாப்பாடு குறையும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். எங்கே தூக்கினாலும் முனகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 103-ஐத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டாக்சிசைக்ளின் வழக்கமாக 4 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் மூன்றே நாளில் துள்ளும். அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

மற்ற இடங்கள்

முகத்தைத் தொட விடவில்லை, வாய் நாறுகிறது என்றால் பல். கண்ணுக்குக் கீழே வீக்கம் இருந்தால் மேல்தாடைப் பெரிய பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். கடினமான எலும்பைக் கடித்து அந்தப் பல் விண்டுபோவது சாதாரணம். பின்பக்கத்தைத் தொட விடாமல் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் குதச் சுரப்பி அடைத்திருக்கலாம். அதைப் பூச்சி என்று நினைத்துப் பூச்சி மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பெண் நாய் வயிற்றைத் தொட விடவில்லையா? சூடு (இணைசேரும் பருவம்) முடிந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று எண்ணுங்கள். 4 முதல் 8 வாரத்துக்குள் இருந்து, தண்ணீர் அதிகம் குடித்து, சோர்ந்து கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். கீழே கசிவு தெரியாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டிய அவசரம் அது.

ஷிட்சு, லாசா வகைகளுக்குச் சிக்குப்பிடித்த முடியே தோலை இழுத்துக்கொண்டிருக்கும். அதைச் சீப்பால் இழுக்காதீர்கள், மெஷினால் எடுத்துவிடுங்கள். பக், டாக்ஸண்ட் கழுத்தைத் தொட்டால் அலறினால் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கலாம். கழுத்துப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, வழுக்கும் டைல்ஸ், 40 கிலோ லாப்ரடார் இது மூன்றும் சேர்ந்த வீட்டில் இடுப்பு வலி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எடையைக் குறையுங்கள், நாய் நடக்கும் வழியில் வழுக்காத ரப்பர் மேட் போடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு: காசிமேட்டுப் பக்கம் மீன் தூண்டில் முள், காற்றாடிக் காலத்தில் மாஞ்சா நூல். மாஞ்சாவுக்குத் தடை இருந்தும் மொட்டை மாடிகளில் அறுந்து கிடக்கிறது. அக்குளிலும் விரலிடுக்கிலும் அறுத்த காயம் முடிக்குள் மறைந்திருக்கும். தூண்டில் முள்ளை வந்த வழியே இழுக்காதீர்கள், கொக்கி சதையைக் கிழிக்கும்.

வயதான நாய் தொட்டதும் துள்ளி விலகுவது பார்வையோ காது கேட்கும் திறனோ மங்கியதால் இருக்கலாம். முதலில் தரையைத் தட்டி, நீங்கள் வந்திருப்பதைத் தெரியப்படுத்திவிட்டுத் தொடுங்கள். எந்தக் காரணமானாலும் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை என்றால்

அப்போது கையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் கை எதற்கெல்லாம் வந்திருக்கிறது? செருப்பால் அடிக்க, கட்டிலுக்கு அடியிலிருந்து பெல்ட்டைப் பிடித்து இழுக்க, குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க, மருந்து திணிக்க. அன்பாகக் கூப்பிட்டு, வந்ததும் மருந்து போடுவது எல்லாவற்றிலும் மோசம். கூப்பிடும் பெயரே அபாய அறிவிப்பாகிவிடும். காதில் வெட்டு அடையாளத்தோடு தெருவிலிருந்து வந்த நாய் கருத்தடைக்காக ஒரு தடவை வலையில் பிடிபட்டிருக்கும். மேலிருந்து கவியும் கையை அது எளிதில் நம்பாது. 30, 35 நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட குட்டிகளும் இப்படித்தான். 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளே சொல்கின்றன. மனிதர் கைக்குப் பழக வேண்டிய காலம் 3 முதல் 12, 14 வாரம் வரை. அது வீணாய்ப் போனால் பிறகு பழக்கலாம், மெதுவாக.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களில் பல இயல்பிலேயே ஒதுங்கி நிற்கும். பக்கத்தில் படுக்கும், கொஞ்ச விடாது. அது நோயில்லை, அதை மாற்றவும் வேண்டாம்.

பழக்கும் முறை இது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவு நறுக்குங்கள். நாய்க்கு ஓரடி தள்ளி ஒரு கையை நீட்டி அப்படியே வையுங்கள், தொட வேண்டாம். அடுத்த நொடி மற்றக் கையால் ஒரு துண்டு கொடுங்கள். கையை எடுங்கள், துண்டும் நிற்கட்டும். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம். வரிசை முக்கியம்: முதலில் கை, பிறகுதான் கறி. கறியைக் காட்டி வரவழைத்துத் தொட்டால் கறியே பொறி என்று நாய் புரிந்துகொள்ளும். அப்புறம் கறிக்கும் வராது. பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கையைக் கண்டதும் "எங்கே துண்டு?" என்று முகம் மலர்ந்து பார்த்தால் அடுத்த படி: அரையடி, பிறகு தோளில் ஒரு நொடி, பிறகு மார்பு, தாடைக்கு அடி. உச்சந்தலையும் காதும் கடைசியில். நடுவில் பின்வாங்கினால் முந்தின படிக்குத் திரும்புங்கள். சில நாய்க்கு இரண்டு வாரம், சிலதுக்குப் பல மாதம். கறியின் அளவைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள்; நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

தொடலாமா என்று நாயிடமே கேட்கவும் முடியும். மார்பில் மூன்று நொடி தடவி, கையை எடுத்துக்கொள்ளுங்கள். நெருங்கி வந்து முட்டினால் தொடருங்கள். அசையாமல் நின்றாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று அர்த்தம். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கழுத்தைக் கட்டிப்பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் நாய்க்கு ஒதுங்க இடமே இருக்காது. கட்டிலுக்கு அடியில் ஒரு பாயைப் போட்டு, அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்று வீட்டுக்கே விதி வையுங்கள். மருந்துக்கு வேறொரு இடம், வேறொரு விரிப்பு.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் கடைசி எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

அன்றே போக வேண்டியவை

ஒரே நாளில் குணம் மாறுவது, வயிறு உப்பித் தொட்டால் துடிப்பது, பின்னங்கால் இழுப்பது, ஈறு வெளுப்பது, மழைத்தண்ணீரில் நடந்த சில நாளில் காய்ச்சலோடு கண் மஞ்சளாவது (எலிக்காய்ச்சலாக இருக்கலாம்) எல்லாம் காத்திருக்கக்கூடாதவை. பக்கத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலியில் இருக்கும் நாயை ஆட்டோவில் ஏற்றும் முன் வாய்ப்பூட்டு போடுங்கள். மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் மட்டும் வேண்டாம்.

தடுப்பூசி போடாத, அல்லது தவறிப்போன நாய் திடீரென்று விலகி, குரல் கரகரத்து, தாடை தொங்கி, எச்சில் வழிய நின்றால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். அறையில் தனியாக அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால், எச்சில் புண்ணில் பட்டிருந்தால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். போட்ட நாளிலிருந்து கணக்கிட்டு 3, 7, 28-ஆம் நாள்களில் அடுத்த ஊசிகள். காயத்தில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படும், அதையும் அங்கேயே கேளுங்கள்.