திரும்பிப் பார்த்தால் இருக்காது

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர். பேய் நாவல் எழுதுகிறாராம். “அடுக்குமாடிக் குடியிருப்பில் கதையை வைத்தால் எனக்கே பயம் வரமாட்டேங்குதுங்க. அதே சம்பவத்தை எங்க பாட்டனார் நடுவாசல் வச்சுக் கட்டின தொட்டிக்கட்டு வீட்டில் வைத்தால் எழுதும்போதே முதுகு சில்லிடுது. அந்த வீடு அப்படி என்னதாங்க பண்ணுது?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. 1764இல் இங்கிலாந்தில் தொடங்கிய கோதிக் நாவல் என்கிற திகில் கதை மரபே கோட்டை, மாளிகை, மடம் என்று கட்டடங்களை நம்பித்தான் பிழைத்து வந்திருக்கிறது. பேய் பத்துப் பக்கம் வந்தால் வீடு நூறு பக்கம் வரும்.

சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த ஓடும் அதைத் தாங்கும் கைமரமும் பொழுது சாய்ந்ததும் சுருங்கும். உரசலில் சிக்கி நிற்கிற மரம் திடீரென வழுக்கி நகரும்போது ‘டக்’. கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டக்’. மேலே யாரோ நடக்கிறார்கள். ஆடி மாதமானால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பனைமட்டையை ஆட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு இது போதும். எனக்குப் பிடித்த சமாச்சாரம் கண்ணில் இருக்கிறது.

சின்ன வயதில் காங்கேயம் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில், அதாவது வாசலைச் சுற்றிய கூடத்தில், படுத்திருப்பேன். கதவு ஓரத்தில் வெள்ளையாக ஒருவர் குந்தியிருப்பார். திரும்பி நேராகப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். கண்ணை நகர்த்தினால் மறுபடியும் வந்து குந்திக்கொள்வார். “அங்க என்ன கண்ணு வெறிச்சுப் பாக்கறே? பேசாம படு” என்று அமுச்சி சொல்லும். விடிந்து பார்த்தால் கடலைக்காய் மூட்டை, அதன்மேல் அப்புச்சியின் வேட்டி.

இதில் மனப்பிரமை ஏதுமில்லை. கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. விழித்திரையில் கூம்பு செல்கள் ஏறக்குறைய 60 லட்சம், குச்சி செல்கள் ஏறக்குறைய 12 கோடி என்று பள்ளியில் படித்திருப்போம். கூம்புக்கு நிறம் தெரியும், ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். குச்சிக்கு நிறம் தெரியாது, ஆனால் நட்சத்திர வெளிச்சமே போதும். விழித்திரையின் நட்டநடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. எதையாவது உற்றுப் பார்த்தால் அதன் பிம்பம் அங்கேதான் விழும். அந்தக் குழியின் மையத்தில் எல்லாமே கூம்பு. குச்சி ஒன்றுகூடக் கிடையாது!

ஆகவே இருட்டில் நாம் எதை நேராகப் பார்க்கிறோமோ அது மறையும். ஓரக்கண்ணில் பட்டால் தெரியும். மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போய்க் கார்த்திகை மீன் கூட்டத்தைப் பாருங்கள். உற்றுப் பார்த்தால் குறைவாகத் தெரியும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் ஒதுக்கினால் இன்னும் சில மீன்கள் எட்டிப் பார்க்கும். “திரும்பினாள், அங்கே யாருமில்லை” என்று எல்லா நாவலிலும் வருகிற வரி உடற்கூறியல்தான். ஓரத்தில் கூர்மையும் குறைவு என்பதால் முகமா மூட்டையா என்று பிரியாது. மூளையோ எதையும் ‘தெரியவில்லை’ என்று விட்டுவைக்கிற ஜாதி இல்லை. பாம்பைக் கயிறென்று எண்ணினால் உயிர் போகும், கயிற்றைப் பாம்பென்று எண்ணினால் நாலடி ஓடினால் சரி.

பொழுது மங்கும்போது வாசலில் நிற்கும் செவ்வரளியைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பூ கறுத்துப்போகும். இலை மட்டும் வெளிறித் தெரியும். குச்சி செல்லுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறையத் தெரியாது என்பதுதான் காரணம். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். நம்மூர்ப் பேய்கள் சிவப்புச் சேலை கட்டாமல் வெள்ளையே கட்டுவது ஏன் என்றும் யோசிக்கலாம்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோம். அதில் வரிசை மாறிவிட்டது என்று எனக்கு எண்ணம். இருட்டு முதலில், அரளுவது அப்புறம். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று கெட்டதை விரட்டும் சடங்கான கழிப்புக் கழிக்க ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கலாம் என்றால் மட்டும் கையை விரிக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

சரி, தொட்டிக்கட்டு வீடு. நடுவே வானம் பார்த்த கல் வாசல், சுற்றிலும் ஆசாரம், அதற்கும் உள்ளே ஜன்னலே இல்லாத அறை, மேலே சாமான் போடும் அட்டாலி. குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும், முழுக்கத் திரும்ப இருபது முப்பது நிமிடமாகும். வெயிலடிக்கிற வாசலைத் தாண்டி உள்ளறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் நாம் பாதிக் குருடர். பட்டப்பகலில்கூட அந்த வீட்டில் பயமாக இருப்பது இதனால்தான். அடுக்குமாடியில் எல்லா அறையிலும் ஒரே டியூப்லைட். கண்ணுக்கு இந்த ஏற்ற இறக்கமே இல்லை.

நாவலுக்கு ஒரு யோசனை. இந்தக் காலத்துப் பேய்க்கதையில் செல்போன் வந்துவிட்டால் எழுத்தாளர்கள் பதறி அதன் சார்ஜைத் தீர்த்துவிடுகிறார்கள். தேவையில்லைங்க. உங்கள் கதாநாயகி கட்டிலில் படுத்தபடி அஞ்சு நிமிடம் பளிச்சென்ற திரையைப் பார்க்கட்டும். அப்புறம் அதை அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க ஆசாரத்தைத் தாண்டிப் போகட்டும்.