'பேசியிருந்தேன்': பிரெஞ்சில் ஒரு கடந்தகாலத்துக்கும் முந்தைய காலம்

ரயிலைப் பிடிக்க ஓடிய கதையைப் பிரெஞ்சில் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நான் போய்ச் சேர்ந்தபோது" என்று தொடங்கிவிட்டால், மீதியை மூன்று விதமாக முடிக்கலாம். 'ல த்ரேன் பார்தே' என்றால் ரயில் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. 'ல த்ரேன் ஏ பார்தி' என்றால் நீங்கள் வந்ததும் கிளம்பியது. 'ல த்ரேன் எத்தே பார்தி' என்றால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளம்பியிருந்தது, நடைமேடை காலி.

இந்த மூன்றாவதுக்குப் பெயர் ப்ளுஸ்-க-பார்ஃபே. லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த பெயர். 'முடிந்ததற்கும் மேலே' என்று பொருள். பிரெஞ்சு படிக்கிறவர்கள் பலர் இதை ஆறு வரி அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் பேசுகிறவருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. இதே இயந்திரம் நம் வாயில் தினமும் ஓடுகிறது.

'பேசியிருக்கிறேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'பேசி' என்ற எச்சம், 'இருக்கிறேன்' என்ற துணைவினை. துணைவினையை மட்டும் கடந்தகாலத்துக்குத் தள்ளினால் 'பேசியிருந்தேன்'. 'பேசி' அசையவே இல்லை. பிரெஞ்சும் இதைத்தான் செய்கிறது. பேசு என்பதற்கு 'பார்லே' என்ற ஒழுங்கான வினை. அதன் எச்சமும் ஒலியில் 'பார்லே'தான், எழுத்தில்தான் வேறுபாடு. 'ஜே பார்லே' என்பதில் 'ஜே'க்குள் 'நான்' என்பதும் 'அவ்வார்' என்ற துணைவினையின் நிகழ்கால வடிவமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (இன்றைய பிரெஞ்சில் இதற்குச் சாதாரணமாகப் 'பேசினேன்' என்றே பொருள், கட்டமைப்புதான் 'பேசியிருக்கிறேன்' போன்றது.) அந்தத் துணைவினையைத் தொடர் இறந்தகாலத்துக்கு (ரயில் கதையின் 'பார்தே' போன்ற வடிவத்துக்கு) மாற்றினால் 'ஜவே பார்லே': பேசியிருந்தேன். அவ்வளவுதான்.

ஆறு ஆட்களுக்கும் இப்படி வரும்: ஜவே பார்லே, த்யு அவே பார்லே, இல் அவே பார்லே, நூஸ் அவியோன் பார்லே, வூஸ் அவியே பார்லே, இல்ஸ் அவே பார்லே. ஆறில் நான்கில் துணைவினை காதுக்கு ஒரே 'அவே'தான். எழுத்தில் மூன்று விதமாக எழுதினாலும் ஒலி ஒன்று. 'நாம்', 'நீங்கள்' இரண்டை மட்டும் தனியாகப் பழகினால் போதும். முடி என்பதன் எச்சம் 'ஃபினி', விற்பதன் எச்சம் 'வாந்த்யு'. 'பார்லே'வை எடுத்துவிட்டு அவற்றை வையுங்கள்: ஜவே ஃபினி, ஜவே வாந்த்யு. மறுப்பும் துணைவினையைச் சுற்றியே வரும்: 'ஜ நவே பா பார்லே'. நாமும் 'பேசியிருக்கவில்லை' என்று 'இரு'வின் மேல்தானே மறுப்பை ஏற்றுகிறோம்?

இனி வழி பிரியும் இடம். நமக்கு எல்லா வினைக்கும் 'இரு' ஒன்றே துணை. பிரெஞ்சுக்கு இரண்டு துணைகள். பெரும்பாலான வினைகளுக்கு 'வைத்திரு' என்ற பொருளுள்ள 'அவ்வார்'. வருவது, போவது, விழுவது, பிறப்பது, இறப்பது போன்ற சில வினைகளுக்கும், தன்னைத்தானே செய்துகொள்ளும் எல்லா வினைகளுக்கும் 'இரு' என்ற பொருளுள்ள 'எத்ர்'. அதன் தொடர் இறந்தகாலம்தான் ரயில் வாக்கியத்தில் வந்த 'எத்தே'.

'எத்ர்' வந்தால் எச்சம் அசைய ஆரம்பிக்கும். தமிழில் 'வந்திருந்தான்', 'வந்திருந்தாள்' என்று பால் துணைவினையின் வாலில் தெரியும், 'வந்து' மாறாது. பிரெஞ்சில் நேர்மாறு. 'இல் எத்தே அரிவே', 'எல் எத்தே அரிவே' இரண்டிலும் துணைவினை ஒன்றே. பெண் என்றால் எச்சத்தின் கடைசியில் ஓர் எழுத்து கூடும். பெரும்பாலும் காதில் விழாது, தாளில் மட்டும் தெரியும். சொல்வதெழுதுதலில் மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? லத்தீனில் இந்தக் காலம் ஒரே சொல். 'அமாவேராம்' என்றால் நான் நேசித்திருந்தேன். அதன் வாலில் உள்ள 'எராம்' என்ற ஒலியே தனிச் சொல்லாக நின்றால் 'நான் இருந்தேன்' என்று பொருள். ஆக அங்கேயும் ஓர் 'இருந்தேன்'! பேச்சு லத்தீனில் 'எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன்' என்ற மாதிரித் தொடர்கள் மெல்ல 'எழுதியிருக்கிறேன்' என்று பொருள்பட ஆரம்பித்தன. வைத்திருத்தல் என்ற பொருள் கரைந்து, இலக்கண வேலை மட்டும் மிஞ்சியது. அதன் பிள்ளைதான் இன்றைய 'அவ்வார்'. பழைய ஒற்றைச் சொல் வடிவம் பிரெஞ்சில் அழிந்தது. சுமார் 880-இல் பழைய பிரெஞ்சில் எழுதப்பட்ட புனித யூலாலியா பாடலில் அதன் மிச்சங்கள் சில உண்டு. போர்த்துக்கீசிய மொழியிலோ அது எழுத்து நடையில் இன்றும் இருக்கிறது.

நடக்காமல் போனதைச் சொல்லவும் பிரெஞ்சு இந்தக் காலத்தையே எடுக்கும். 'ஸி ஜவே ஸ்யு' என்றால் 'எனக்குத் தெரிந்திருந்தால்'. இங்கும் அதே 'இரு'தான் நமக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் ஒரு பழக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். "நான் வருவதற்குள் ரயில் போய்விட்டது" என்று தமிழில் சொன்னால் போதும். 'வருவதற்குள்' என்ற சொல்லே முன்பின்னைக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சிலும் 'ஏ பார்தி' என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் கதையில் ரயில் உங்கள் கண்முன்னே கிளம்புகிறது. அது முன்பே போயிருந்தால் 'எத்தே பார்தி' என்றுதான் எழுத வேண்டும்.