அது அக்கியும் இல்லை, தீக்காயமும் இல்லை

தருமபுரியில் என் கிளினிக்குக்குச் சனிக்கிழமை காலையில் வருகிற கூட்டமே வேறு. சேலத்திலும் பெங்களூரிலும் வேலூரிலும் அறை எடுத்துத் தங்கிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்கு வந்திருப்பார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள்தான் சிகிச்சை. சனி, ஞாயிறு கிடையாது. அந்த இரண்டு நாளில் வீட்டில் தோலின் மேல் என்னென்ன பூசப்படுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சில் நான்காவது வாரம். இடது கையை உடம்பில் படவிடாமல் தூக்கிப் பிடித்தபடியே உள்ளே வந்தார். முந்தானையை விலக்கிப் பார்த்தால் மார்பிலிருந்து அக்குள் வரை காவிக் கோடுகள். தோல் கறுத்து உரிவதைப் பார்த்த மாமியார், அக்கி என்று நினைத்து, பானை செய்பவரிடம் கூட்டிப்போய் அக்கி எழுதிவிட்டிருக்கிறார். துடைக்காமல், சலைனை ஊற்றி ஊற்றி நனைத்தேன். காவி கரைந்து வழிந்ததும், அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் என்னைப் பொசுக்கிடுச்சு டாக்டரம்மா. திங்கக்கிழமை நான் போகலைங்க" என்றார்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருமகள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். தோல் இப்படி ஆகும் என்று அவருக்குப் புரியும்படி முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

நம் பக்கம் கதிர்வீச்சை 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறோம். பாதி பயம் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சுவதில்லை, சூடும் வைப்பதில்லை. மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும்போது வலி தெரியாது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர் அதிகம் தாக்கும். புற்றுநோய் செல்கள் அப்படிப்பட்டவை. நம் தோலின் அடி அடுக்கும் அப்படித்தான். மேலே தினமும் உதிர உதிர, கீழிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். அந்த வரத்து குறையும்போது தோல் உலர்ந்து, செதிலாகி, சில இடங்களில் உரிந்து நீர் கசியும். அதனால்தான் முதல் நாளே எதுவும் தெரியாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். 1895-ல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அளக்கச் சரியான கருவி இல்லாத காலத்தில், தோல் எவ்வளவு சிவக்கிறது என்பதை வைத்தே மருத்துவர்கள் கதிரின் அளவைக் கணித்தார்கள். இன்றைய மெஷின்களில் கதிரின் உச்ச அளவு தோலுக்குக் கீழே, ஆழத்தில்தான் சேர்கிறது. ஆனாலும் அக்குள், மார்பின் அடி மடிப்பு, தொடையிடுக்கு, சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க மாஸ்க் மாட்டும் கழுத்து ஆகிய இடங்களில் தோல் கூடுதலாகவே பாதிக்கப்படும்.

இன்னொன்று. புத்தகங்களில் 'தோல் சிவக்கும்' என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். வெயிலில் கறுத்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். தொட்டால் சூடாக இருக்கிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, அரிக்கிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். அந்தக் கட்டத்திலேயே காட்டிவிட்டால் மோமெட்டாசோன் மாதிரி ஸ்டீராய்டு க்ரீமை மருத்துவர் அளவோடு எழுதித் தருவார். மருந்துக் கடையில் 'படைக்குப் போடுற க்ரீம் கொடுங்க' என்று கேட்டு வாங்கிப் பூசுவது வேறு கதை. அது வேண்டாம்.

குளிக்கலாமா என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். குளிக்கலாம், குளிக்கத்தான் வேண்டும். கதிர் எங்கே பட வேண்டும் என்று குறிக்க மேலே போட்ட மைக் கோடு அழிந்துவிடும் என்று பயந்து மூன்று வாரம் உடம்பில் தண்ணீரே படாமல் இருந்தவரைப் பார்த்திருக்கிறேன். மிதமான சூட்டில் தண்ணீரை ஊற்றி, மென்மையான சோப்பைக் கையால் தடவி, துண்டால் ஒற்றி எடுங்கள். நார் வேண்டாம், தேய்க்க வேண்டாம். கோடு மங்கினால் சிகிச்சை கொடுப்பவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் மறுபடி வரைவார்கள். வீட்டில் பேனாவால் நீங்களே வரைந்துவிடாதீர்கள்.

மஞ்சள், விபூதி, பவுடர், ஊதா மருந்து எதையும் உரிந்த இடத்தில் போடக் கூடாது. தேங்காய் எண்ணெயை அப்பிக்கொண்டு சிகிச்சைக்குப் போனால், அந்தப் பூச்சே தோலில் கதிரின் அளவைக் கூட்டிவிடும். ஒகேனக்கல் போனால் எண்ணெய் மசாஜுக்கு ஆசை வரும்தான். கதிர் பட்ட இடத்தில் இப்போது வேண்டாம். தொண்டைக்குச் சிகிச்சை எடுக்கும் ஆண்கள் தோளில் போடும் முரட்டுத் துண்டும், பெண்களின் கழுத்தில் தாலிச்சரடும் உரசிக்கொண்டே இருக்கும். தாலியைப் பற்றிப் பேச எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் கேட்பேன். மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்துக்கொண்டாலும் சரி, ஆறும்வரை கழற்றி வைத்தாலும் சரி, அவர்கள் விருப்பம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்கள்தான் எனக்குப் பெரிய கவலை. தொடையிடுக்கில் தோல் உரிந்தால் சொல்லக் கூச்சம். மகனிடம் சொல்ல முடியாது, கணவரிடமும் சொல்வதில்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறார்கள். கூட வருகிற பெண்கள் தயவுசெய்து நேராகவே கேளுங்கள்: "அக்கா, கீழே எரியுதா?" நாடாவுக்குப் பதில் தளர்வான நைட்டி, பருத்தி உள்ளாடை, ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போனபிறகும் தண்ணீர் ஊற்றி ஒற்றுவது. இவ்வளவு செய்தாலே பாதி வேதனை குறையும்.

தோலுக்குப் பயந்து சிகிச்சையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறோம். இடையில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் மறுபடி பெருகும். ஓரிரு நாள் இடைவெளி தேவையா என்பதை உங்கள் கதிர்வீச்சு மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், ரத்தக் கசிவு இருந்தால் சனி, ஞாயிறு பார்க்க வேண்டாம், உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கீமோவும் சேர்த்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் ஆபத்து.

அந்தப் பென்னாகரத்து அம்மாவுக்கு ஒட்டாத டிரெஸ்ஸிங் வைத்து, தோலில் பிளாஸ்டர் படாமல் மெல்லிய பனியனால் பிடித்துக் கட்டினேன். அவருடைய மருத்துவரிடம் போனில் பேசினேன். மாமியாரையும் உட்கார வைத்து, சலைன் ஊற்றுவதைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை அவர்தான் மருமகளைப் பஸ் ஏற்றிவிட்டார். கடைசி நாள் முடிந்தபிறகும் ஒரு வாரம், பத்து நாள் தோல் இன்னும் மோசமாகும், அதற்கப்புறம்தான் ஆறத் தொடங்கும் என்று இருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அதன்படியே ஆனது. ஐந்தாவது சனிக்கிழமை அக்குளில் புதுத் தோல் வந்திருந்தது, சுற்றிலும் கறுப்பு மட்டும் மிச்சம். அது மங்கச் சில மாதம் ஆகும், அதுவரை வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள் என்றேன். புளி உலுக்கும் வேலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டார்.