"எவ்வளவு குடிச்சாலும் நிதானமா இருப்பான்"

ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த அந்த அம்மா, மஞ்சள் பையிலிருந்து இரண்டு கட்டுக் காகிதங்களை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒன்று, ஈரல் கெட்டு இறந்துபோன கணவருடையது. இன்னொன்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த 24 வயது மகனுடையது. "அப்பன் ரத்தம்தானே டாக்டர், இது எங்க திருந்தப் போவுது?" என்றார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெங்களூரில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் என்னிடம் வருகிற தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழாத குடும்பம் குறைவு.

மகனைத் தனியாகக் கூப்பிட்டு, முதல்முதலா எப்போப்பா குடிச்சே என்று கேட்டேன். 14 வயதில், தாத்தா சாவில். மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு மாமா 90 மில்லி மதுப் பாக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கர்நாடகாவில் 2007இல் சாராயத்துக்குத் தடை வந்த பிறகு ஏழைகளின் கைக்கு வந்து சேர்ந்தது இந்த அட்டைப் பாக்கெட்தான். அதன் மூலையைப் பல்லால் கடித்துக் கிழிப்பதை வெறுங்கையை வாயருகே கொண்டுபோய்ச் செய்து காட்டினான். "மத்த பசங்கல்லாம் வாந்தி எடுத்துட்டாங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமே ஆவல." பத்து வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. மாமா அன்றைக்கு முதுகில் தட்டி, "அப்பன் பேரைக் காப்பாத்திட்டடா" என்றாராம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரத்தத்தில் வந்தது எது என்று கேட்டால், இந்த "ஒண்ணுமே ஆவல"யைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

அமெரிக்காவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் இதைத்தான் பல வருஷம் ஆராய்ந்தார். குடிநோயாளிகளின் மகன்களை, அவர்கள் இளைஞர்களாக இருந்தபோதே, அளந்து குடிக்கவைத்து எவ்வளவு தள்ளாடுகிறார்கள், எவ்வளவு ஏறியதாக உணர்கிறார்கள் என்று பார்த்தார். ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து அவர்களையே மறுபடி தேடிப் பார்த்தபோது, அன்றைக்கு அதிகம் ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் 14 சதவீதம்தான். 1994இல் வந்த முடிவு இது. மற்றவர்களை "போதும்" என்று நிறுத்துகிற தலைசுற்றலும் குமட்டலும் இவர்களுக்குத் தாமதமாகத்தான் வருகின்றன. ஏறவேண்டும் என்று இன்னும் குடிக்கிறார்கள். ஏறாவிட்டாலும் ஈரலுக்குப் போவது முழு அளவுதான்.

குடிநோய் வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் பாதிக்கு மரபணுக்கள் காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டவுடன், "அப்போ என் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பா?" என்று பயந்துபோகிறார்கள். அப்படிக் கணக்குப் போடக்கூடாது. அது ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய கணக்கு, உங்கள் பிள்ளையைப் பற்றியது இல்லை. சம்பந்தப்பட்ட மரபணுக்களும் ஏராளம், பெரும்பாலானவை தள்ளுவது துளித்துளியாகத்தான். குடிநோய் வருமா வராதா என்று ரத்தம் எடுத்துச் சொல்கிற பரிசோதனை எதுவும் இன்று கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மீதிப் பாதி நம் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. ஸ்வீடனில் 18,000க்கு மேற்பட்ட தத்துப்பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அது குடியைப் பற்றியது இல்லை, போதைப்பொருள் பழக்கத்தைப் பற்றியது. பெற்றவர்கள் போதைப்பொருளுக்கு அடிமையாக இருந்திருந்தால் தத்துப்போன பிள்ளைக்கும் அந்த ஆபத்து கூடியது. அதே பிள்ளை வளர்ந்த வீட்டிலும் சாவு, பிரிவு, குடி என்று தொல்லை இருந்தால் அது இன்னும் அதிகமானது. இவன் வீட்டிலோ இரண்டுமே இருந்தன. அப்பா அடிப்பார். கடைக்கு அனுப்புவதும் இவனைத்தான்.

பிறகு, முதல் மடக்கின் வயது. 15 வயதுக்கு முன் ஆரம்பித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் எப்போதாவது குடிக்கு அடிமையானதாகவும், 20 தாண்டி ஆரம்பித்தவர்களில் அது சுமார் 10 சதவீதம்தான் என்றும் 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சீக்கிரம் ஆரம்பிக்கிற பிள்ளைகளிடம் மரபணுவும் வீட்டுத் துயரமும் முன்பே சேர்ந்திருக்கும் என்பதால் மொத்தப் பழியையும் வயதின்மேல் போட முடியாது. ஆனால் "வேண்டாம்" என்று பிடித்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருஷமும் லாபம் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன்.

அந்த மகன் இப்போது நான்கு மாதமாகக் குடிக்கவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறுநாளே வந்துவிட்டான். வரத் தயங்குகிறவர்கள் 14416க்கு அடிக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

போன முறை அந்த அம்மாவுடன் 15 வயது இளைய மகனும் வந்திருந்தான். உள்ளே வரச்சொல்லி உட்காரவைத்தேன். இதுவரை தொட்டதில்லை என்றான். அண்ணனைக் கூடவைத்துக்கொண்டே கேட்டான்: "எனக்கும் அதே மாதிரி ஆவுமா டாக்டர்?"

"அதே உடம்பு உனக்கும் இருக்கலாம்பா. குடிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்காதே" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாவு வீட்டுல மாமா குடுத்தா என்ன சொல்றது?" என்றான்.

எனக்கு முன்னால் அவன் அம்மா சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்லவேணாம். என் தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."