நோயில்லாத இறால் என்ற சான்றிதழ் எதுவரை செல்லும்?

இறால் நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். ஒவ்வொரு சீசனிலும் குளத்தில் நோய் விழுந்த பிறகு பண்ணைக்காரர்கள் கேட்பது இதைத்தான்: "எஸ்.பி.எஃப் தாய் இறாலோட சீடுதான் சார் விட்டோம், பில்லும் இருக்கு. அப்புறம் எப்படி நோய் வந்துச்சு?"

எஸ்.பி.எஃப் என்றால் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாதது என்று சான்று பெற்றது; சீடு என்பது குளத்தில் விடும் இறால் குஞ்சு. பெரும்பாலும் அந்த பில் பொய்யாக இருக்காது. தாய் இறால் முறையாகத்தான் வந்திருக்கும். அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி அந்தக் காகிதம் எதுவும் சொல்லாது, அவ்வளவுதான்.

இன்று நம் பண்ணைகளில் பெரும்பாலும் வளர்க்கும் வனாமி நம் கடல் இறால் இல்லை. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் ஊர். 2009ல் இங்கே வளர்க்க அனுமதி கொடுத்தபோது விதிகளைக் கடுமையாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. 1992, 93ல் தைவானிலும் சீனாவிலும் தலைகாட்டிய வெள்ளைப்புள்ளி வைரஸ், 1994ல் நம் கிழக்குக் கரைக்கு வந்து டைகர் இறால் பண்ணைகளைக் காலி செய்தது. உயிருள்ள இறால் நாடு விட்டு நாடு போகும்போது கிருமியும் கூடவே போகிறது என்பதை ஆசியா முழுக்க அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டோம். இளம் பருவத்திலேயே இறாலைக் கொல்லும் இ.எம்.எஸ் நோயும் சீனா, வியட்நாம், தாய்லாந்து என்று பரவி, 2013ல் பசிபிக்கின் மறுகரையில் உள்ள மெக்சிகோவில் தெரியவந்தது.

அதனால் வெளிநாட்டுத் தாய் இறாலை இறக்க, குஞ்சு பொரிக்க வைக்கும் ஹேச்சரிக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நோயின்மைச் சான்றும் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் இறங்கும் பெட்டிகள் நேராக நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் போகும். ஒவ்வொரு ஹேச்சரியின் இறாலும் அங்கே தனித்தனி அறையில் இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையில் நோய் தெரிந்தால் ஹேச்சரிக்கு விடமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆனால் எஸ்.பி.எஃப் என்பதை நம் ஆட்கள் 'நோய் தாக்காத இறால்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத, பாதுகாப்பான இடத்தில் வளர்ந்த இறால் என்பதுதான் அதன் பொருள். அந்த இடத்தை விட்டு வெளியே வந்து கிருமியைச் சந்தித்தால் எந்த இறாலையும் போல அதற்கும் நோய் வரும்.

கிருமியை எங்கே சந்திக்கிறது? பல நேரம் சாப்பாட்டில்தான். சினைக்காகத் தாய் இறாலுக்கு உயிருள்ள சேற்றுப் புழு போடுகிறார்கள். புழு தோண்டும் கழிமுகச் சேற்றில்தான் பண்ணைகளின் வடிகால் நீரும் போய்ச் சேருகிறது. வெள்ளைப்புள்ளி வைரஸையும், இறாலின் வளர்ச்சியைத் தடுக்கும் இ.எச்.பி என்ற நுண்ணிய ஒட்டுண்ணியையும் புழு சுமந்து வரும். அத்தனை அனுமதியும் வாங்கி, தனிமைப்படுத்தி, சோதித்துக் கொண்டுவந்த இறாலுக்கு, சோதிக்காத புழுவை வாளியில் அள்ளிப் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! புழுவை முதலில் பி.சி.ஆர் பாருங்கள். இ.எச்.பி பயம் இருந்தால் 70 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிக் கொடுக்கலாம்.

கிருமி வரும் இன்னொரு வழி, குளத்தில் வளர்ந்த இறாலையே தாயாக வைத்துக் குஞ்சு எடுப்பது. விதிப்படி இது கூடாது. விலை குறைவு என்பதற்காக வாங்குகிறவர்களும் இருப்பதால் நிற்கவில்லை. பழைய குளத்து நோய் புதிய சீடோடு அடுத்த மாவட்டத்துக்கு லாரி ஏறிப்போவது இப்படித்தான். இ.எச்.பி-யில் இது இன்னும் மோசம், ஏனென்றால் இறால் சாகாது. தீனி எடுக்கும், நீந்தும். மூன்று மாதம் தீனி போட்டும் கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) வராது, சைஸ் சீராக இருக்காது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் தீனிக் கடன் ஏறியிருக்கும்.

சீடு வாங்கும்போது ஹேச்சரியின் ஆணையப் பதிவையும், எந்தத் தாய் இறால் பேட்சின் குஞ்சு என்பதையும் கேளுங்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் பொரிந்த நாப்ளியை வேறு இடத்தில் வாங்கி வளர்த்திருந்தால், எங்கே வாங்கியது என்று சொல்லச் சொல்லுங்கள். சோதனை ரிப்போர்ட்டில் தொட்டி எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது எந்தக் குஞ்சின் ரிப்போர்ட் என்று யாருக்குத் தெரியும்?

மாதிரி எடுப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன பாட்டிலில் 20 குஞ்சைக் கொண்டுவந்து "நெகட்டிவ் வந்தா சரி" என்கிறார்கள். ஒரு தொட்டியில் 100 குஞ்சுக்கு 2 குஞ்சிடம் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 குஞ்சு எடுத்தால், அதில் ஒரு நோய்க் குஞ்சாவது சிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். 150 எடுத்தால் அந்த வாய்ப்பு 95 சதவீதம் ஆகிறது. குஞ்சு அதே குஞ்சு, மெஷின் அதே மெஷின், ஆனால் ரிப்போர்ட்டின் மதிப்பு எங்கேயோ போய்விடுகிறது. விற்பவர் எடுத்துத் தருவதை வாங்காமல் நீங்களே தொட்டிக்குப் போய், நாலா பக்கமும் எடுங்கள். சோர்ந்து அடியில் கிடக்கிற குஞ்சை ஒதுக்காமல் அதையும் சேருங்கள், நோய் இருந்தால் முதலில் அதில்தான் தெரியும். ரிசல்ட் கைக்கு வந்த பிறகு பேக்கிங் செய்யச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டும் லாரியும் ஒரே நாளில் வந்தால் சோதித்ததில் பயனில்லை.

இவ்வளவு செய்தும் குளத்தில் நோய் வரலாம். நண்டு, பறவை, பக்கத்துக் குளத்தில் இழுத்த வலை என்று எத்தனையோ வழி இருக்கிறது. வந்துவிட்டால் மதகைத் திறந்து தண்ணீரை விடாதீர்கள். இறாலைத் தூக்கி அடுத்த குளத்துக்கு மாற்றவும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு வாரமாவது தண்ணீரை உள்ளேயே நிறுத்துங்கள். அதே கால்வாயில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். அவர்கள் மோட்டாரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.